வெண்மதியின் மூன்று புள்ளிகள்

"நல்லாத் தெரிஞ்ச ஒருத்தரப் பத்தி எழுதுங்கம்மா. ஒரு நாளைக்கு ஒரு பக்கம் போதும்" என்று டாக்டர் முபீனா சொன்னார். தலையில் அடிபட்டு ஆறு மாதம் தாண்டியும் எனக்கு மறதியும் தலைவலியும் விடவில்லை. எழுதிப் பழகினால் கவனம் நிற்கும் என்பது அவர் எண்ணம். சரி, என் வீட்டுக்காரர் தங்கதுரையைப் பற்றி எழுதலாம் என்று உட்கார்ந்தேன். அரைப் பக்கத்தில் முடிந்துவிட்டது. இருபத்தி நான்கு வருஷம் கூடக் குடித்தனம் நடத்திய மனிதர், அவ்வளவுதான் வந்தது. அந்தப் பக்கத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு வெண்மதி என்று எழுதினேன். அப்புறம் கை நிற்கவில்லை.

பொறாமைக்காரிக்குத்தான் அடுத்த வீட்டுக் கதை முழுசாகத் தெரியும். என் பெயர் கொளஞ்சியம்மாள், வயது நாற்பத்தாறு. என் கதை இவ்வளவு போதும்.

வெண்மதிக்கு முப்பத்தெட்டு. பிறந்தது ஸ்ரீமுஷ்ணம் பக்கம், வாழ வந்தது எங்கள் நல்லூருக்கு. விருத்தாசலம் செராமிக் பேட்டையில் ஷபியுல்லா பாயின் கம்பெனியில் எனக்கு இருபது வருஷம், அவளுக்கு ஒன்பது. அந்த ஒன்பது வருஷமாக நாங்கள் இரண்டு பேரும் ஒரே மேசைக்கு எதிரும் புதிருமாக உட்கார்ந்தவர்கள். சூளையிலிருந்து வெந்து வரும் பீங்கான் ஃபியூஸ் கட்டைகளைத் தட்டிப் பார்ப்பது எங்கள் வேலை. இரண்டு கட்டையை எடுத்து மெல்ல மோதினால், நல்ல கட்டை கிணிங்கென்று சொல்லும். விரிசல் விட்ட கட்டை டொக்கென்று ஊமையாக நின்றுவிடும். சந்தேகம் இருந்தால் சிவப்பு மைத் தண்ணீரில் முக்கித் துடைக்க வேண்டும். விரிசல் இருந்தால் மயிரிழை மாதிரி ஒரு கோடு அழியாமல் நிற்கும். கோடு நின்றதா, கழிசல் கூடை. எனக்கு மை தேவைப்பட்டதே இல்லை. பேட்டையிலேயே கொளஞ்சி காதுதான் காது என்று பாய் வெளியாட்களிடம் சொல்லுவார்.

என்னிடம் இருந்த பெருமை அது ஒன்றுதான். மற்றதெல்லாம் வெண்மதியிடம் இருந்தது. ஃபேனுக்கு நேர் கீழே இருக்கும் நாற்காலி அவளுடையது. கம்பெனி வேனில் ஜன்னல் சீட்டு அவளுடையது. சாயங்காலம் வேன் நிற்கும் இடத்தில் அவள் புருஷன் ஜெயராஜ் வண்டியோடு காத்திருப்பான், அவளை அந்த அரை மைல் நடக்க விடமாட்டான். மத்தியானம் அவள் தூக்குச்சட்டியைத் திறந்தால் அவன் கையால் வைத்த கருவாட்டுக் குழம்பு மணக்கும். நான் வீடு வந்து சேர்ந்தது என் வீட்டுக்காரருக்குத் தெரிய, நான் பாத்திரத்தை உருட்ட வேண்டும். எல்லோரும் அவளைக் கொடுத்து வைத்தவள் என்பார்கள். நானும் கூடச் சேர்ந்து சொல்லுவேன், வாய் மட்டும்.

பொங்கல் முடிந்த வாரம் அடிபட்டது. கம்பெனி வேனில் டிரைவர் சீட்டுக்குப் பின்னால் குறுக்கே ஒரு இரும்புக் கம்பி ஓடும். அன்றைக்கு ஒரு ஆட்டுக்குட்டி ரோட்டில் பாய்ந்தது. டிரைவர் பிரேக் போட்டார். என் நெற்றி கம்பியில் மோதியது. ஒரு சாண் தள்ளி அவள் நெற்றியும் மோதியது. ஆட்டுக்குட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. எங்களுக்கு ஒரே மாதிரி கண் இருட்டியது, ஒரே மாதிரி வாந்தி வந்தது. விருத்தாசலத்திலேயே சி.டி. ஸ்கேன் எடுத்துப் பார்த்து, இரண்டு பேருக்கும் பயப்பட ஒன்றுமில்லை என்றார்கள். அதுவரை சரிசமம்.

மூன்றாம் நாள் புதுச்சேரியிலிருந்து டாக்டர் முபீனா வந்தார். தலையில் லேசாக அடிபட்டவர்களின் மூளையைப் படம் எடுத்து, யார் சீக்கிரம் தேறுவார், யாருக்கு நாளாகும் என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா என்று ஒரு ஆராய்ச்சி செய்கிறார்களாம்.

"லேசான அடின்னு நாங்க சொல்றது, உயிருக்கு பயமில்லன்றதுக்குத்தாம்மா. வலியும் லேசா இருக்கும்னு அர்த்தம் இல்ல" என்றார் அவர்.

அன்றைக்கு அது என் காதில் ஏறவில்லை. வெண்மதி கையெழுத்துப் போட்டாள். அவள் போட்டதால் நானும் போட்டேன்.

அடுத்த வாரம் புதுச்சேரியில் எங்களை ஒருவர் பின் ஒருவராக எம்.ஆர்.ஐ. குழாய்க்குள் படுக்க வைத்தார்கள். எங்கள் கம்பெனியில் களிமண் அரைக்கும் மெஷின் பக்கத்தில் படுத்த மாதிரி இரைச்சல். இரண்டு விதமாகப் படம் எடுத்தார்கள். முதல் படம், மூளை எப்படி இருக்கிறது என்று பார்ப்பது. இரண்டாவது, நாம் சும்மா படுத்திருக்கும்போது மூளையின் பாகங்கள் ஒன்றோடொன்று எப்படிப் பேசிக்கொள்கின்றன என்று பார்ப்பது. இரண்டாவது படத்தின் முடிவை ஆறு மாதம் கழித்துத்தான் சொல்வோம் என்றார்கள். முன்னாலேயே தெரிந்தால், எப்படி இருக்கிறது என்று கேட்கும்போது நாம் அதற்கேற்ற மாதிரி பதில் சொல்லிவிடுவோமாம்.

முதல் படத்தில் வெண்மதிக்கு மூன்று புள்ளிகள். எள்ளளவு ரத்தம் கசிந்து நின்ற தடம், ஆபத்தில்லை, ஆனால் இரண்டு மாதம் இரைச்சலில் வேலை செய்யக் கூடாது என்று பாய்க்குக் கடிதம் கொடுத்தார்கள். என் படம் கழுவிக் கவிழ்த்த பீங்கான் தட்டு மாதிரி சுத்தமாக இருந்தது.

உள்ளதைச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. புள்ளியோ கோடோ இருந்தால் கழிசல், இல்லாவிட்டால் நல்ல சரக்கு. இருபது வருஷமாக எனக்குத் தெரிந்த ஒரே சட்டம் அது. முதல் தடவையாக இவளை ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன். அந்தச் சந்தோஷம் ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை.

ஜெயராஜ் அவளுடைய படத்தை ட்யூப்லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, வருகிறவர்களுக்கெல்லாம் விரல் வைத்துக் காட்டினான். தெருவே போய்ப் பார்த்தது. சாத்துக்குடியும் ஹார்லிக்ஸும் அவள் வீட்டில் குவிந்தன. எதிர்வீட்டு ராஜம்மாள் என் வாசலைத் தாண்டித்தான் ஒரு சீப்பு பழத்தோடு அங்கே போனாள். "உனக்குத்தான் ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டாங்களாமே, நல்லதாப் போச்சு" என்று நடந்துகொண்டே சொன்னாள். பாய் அவளைச் சத்தமில்லாத பேக்கிங் மேசைக்கு மாற்றினார். ஆபீஸ் ரூம் பக்கம், தனி ஃபேன். நான் தட்டி அனுப்பும் கட்டைகளைக் காகிதம் சுற்றிப் பெட்டியில் அடுக்குவது மட்டும்தான் அவளுக்கு வேலை.

என் படத்தை என் வீட்டுக்காரர் கண்ணாடி உடைந்த ஜன்னலில் ஒட்டிவிட்டார். ஓட்டைக்குச் சரியாக இருந்தது. காலையில் வெயில் என் மூளை வழியாகத்தான் வீட்டுக்குள் வரும். அந்த வெயில்தான் எனக்கு ஆகவில்லை. கண்ணில் ஊசி குத்துகிற மாதிரி இருக்கும். நெற்றிக்குள் ஒரு வண்டு புகுந்து இரைந்துகொண்டே இருந்தது. அடுப்பில் உலை வைத்துவிட்டு அரிசி போட மறந்துவிடுவேன். எல்லாவற்றையும்விடக் கொடுமை, கிணிங்கும் டொக்கும் என் காதுக்கு ஒன்றாகக் கேட்க ஆரம்பித்தன. அதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. காதும் போனால் எனக்கென்று என்ன இருக்கிறது? ஒரு தடவை தட்டுவதை இரண்டு தடவை தட்டி, குத்துமதிப்பாக அனுப்பிக்கொண்டிருந்தேன்.

தலைவலி என்று மட்டும் வீட்டில் சொன்னேன்.

"படத்துலயே ஒண்ணும் இல்லன்னு போட்டுட்டாங்க. அப்புறம் எங்க வலிக்குது?" என்றார் தங்கதுரை. "அந்த வெண்மதியப் பாரு. மூணு புள்ளிய வச்சிக்கினு சிரிச்சிக்கினு திரியுது."

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும். அந்த மனிதருக்கு இரண்டும் வந்ததில்லை. எனக்கு அன்றைக்கு அவர் மேல் கோபம் வரவில்லை, வெண்மதி மேல்தான் வந்தது. அவளுக்கு வலி இல்லை, புள்ளி இருக்கிறது. எனக்கு வலி இருக்கிறது, புள்ளி இல்லை. அந்த மூன்றில் ஒன்றை எனக்குக் கொடுத்திருக்கக் கூடாதா என்று சாமியைக் கேட்டேன். அடுத்தவள் நகைக்கு ஏங்குவார்கள், புடவைக்கு ஏங்குவார்கள். அடுத்தவள் மண்டையில் இருந்த ரத்தத் தடத்துக்கு ஏங்கியவள் இந்தத் தாலுக்காவில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

ஏப்ரலில் டாக்டர் முபீனா போன் செய்தார். மூன்றாவது மாத விசாரிப்பு. தலைவலி, மறதி, தூக்கம், எரிச்சல் என்று பத்துக் கேள்வி, ஒவ்வொன்றுக்கும் தொந்தரவு எவ்வளவு என்று பூஜ்யத்திலிருந்து நாலு வரைக்கும் ஒரு எண் சொல்ல வேண்டும். சாப்பாட்டு நேரம், வெண்மதி என் பக்கத்தில் உட்கார்ந்து முதலில் பேசினாள்.

"தலவலி எப்பவாச்சும் வருதுங்க மேடம், ஒண்ணுன்னு வச்சிக்கிங்க. மத்ததெல்லாம் நல்லா இருக்குதுங்க."

அடுத்து என் போன் அடித்தது. அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கே ஒன்று என்றால், படம் சுத்தமாக இருக்கிற நான் இறங்கிப் போவதா? பத்துக்கும் பூஜ்யம் சொன்னேன். ஓட்டப்பந்தயத்தில் முந்திவிட்ட மாதிரி மூச்சு வாங்கியது. அன்றைக்குச் சாயங்காலம் வேனில் தலைவலி தாங்காமல் முந்தானையைக் கண்ணில் கட்டிக்கொண்டு வந்தேன்.

கடிதத்தில் போட்ட இரண்டு மாதம் முடிந்தும் வெண்மதி பேக்கிங் மேசையிலேயே இருந்தாள். அவளாகவே பாயிடம் கேட்டு இருந்துகொண்டாளாம். மே மாதம் ஒருநாள் தண்ணீர் குடிக்கப் போனவள் பார்த்துவிட்டேன். நான் தட்டி அனுப்பிய கட்டைகளை அவள் ஒவ்வொன்றாக எடுத்து, காதருகே வைத்து மறுபடியும் தட்டிக்கொண்டிருந்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இருபது வருஷத்துக் காதை, மண்டையில் விரிசல் விட்டவள் சோதனை போடுகிறாளா?

எங்கள் பக்கத்தில் ஒருவர் மேல் மனக்குறை என்றால், மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலில் போய்ப் பிராது கட்டுவோம். என்ன அநியாயம் நடந்தது, யார் செய்தது என்று தாளில் எழுதி, முனியப்பர் முன்னால் கட்டிவிட்டு வந்தால் சாமி விசாரித்துக்கொள்ளும். என் பெயரே அந்தச் சாமி பெயர்தான். ஞாயிற்றுக்கிழமை தாளும் பேனாவுமாகப் போய் உட்கார்ந்தேன். எதிராளி பெயர் வெண்மதி என்று எழுதினேன். குற்றம் என்ன என்று எழுத வேண்டிய இடத்தில் பேனா நின்றுவிட்டது. தலையில் மூன்று புள்ளி வைத்திருக்கிறாள் என்றா எழுதுவது? புருஷன் குழம்பு வைக்கிறான் என்றா? தாளை மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு திரும்பி வந்தேன். சாமியிடம் சொல்ல முடியாததை மறுநாள் பாயிடம் சொன்னேன்.

"பாய், வெண்மதி தலையில புள்ளி இருக்கிறது உங்களுக்கே தெரியும்."

"ஆமாம்மா. அதுக்கென்ன இப்போ?"

"உக்காந்த எடத்துல கட்டைய எடுத்துத் தட்டிக்கினே இருக்குதுங்க, நான் பாத்து அனுப்புன கட்டைங்கள. அதுக்கே தெரியாம செய்யுதோ என்னமோ. வெளிய தெரியிறதே மூணுன்னா உள்ள எத்தினியோ. நாளைக்கு சூளை கிட்ட மயங்கி வுழுந்தா உங்களுக்குத்தான் கெட்ட பேரு."

அந்தக் கடைசி வாக்கியத்தை வரும் வழியெல்லாம் சொல்லிச் சொல்லிப் பார்த்திருந்தேன். மறதிக்காரிக்கு அது மட்டும் மறக்கவில்லை.

பாய் நல்ல மனிதர், நல்ல மனிதர்கள் சீக்கிரம் பயப்படுவார்கள். புதுச்சேரி டாக்டர் சரியென்று எழுதிக் கொடுக்கிற வரைக்கும் வீட்டிலிரு என்று வெண்மதியை அனுப்பிவிட்டார். அவள் வேனில் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் நல்லாத்தானேக்கா இருக்கேன்? பாய் கிட்ட யாரு என்னா சொல்லியிருப்பாங்க?"

"எனக்கென்னா தெரியும்" என்றேன்.

மறுநாளிலிருந்து ஜன்னல் சீட்டு எனக்குக் கிடைத்தது. வெயில் அந்தப் பக்கம்தான் அடித்தது.

ஜூன் மூன்றாம் வாரம் கும்பகோணத்துக் காண்ட்ராக்டரிடமிருந்து பத்துப் பெட்டி திரும்பி வந்தது. கட்டையை மாட்டும்போதே பிளந்துகொள்கிறதாம். பாய் நாலு கட்டையை எடுத்து என் முன்னால் வைத்து, தட்டச் சொன்னார். தட்டினேன். வண்டு இரைந்தது.

"நாலும் நல்ல கட்டதான் பாய்."

அவர் நாலையும் மைத் தண்ணீரில் முக்கினார். துணியால் துடைத்து வரிசையாக வைத்தார். மூன்றில் சிவப்புக் கோடு. கம்பெனியே நின்று பார்த்தது.

"கொளஞ்சி, உனக்கு கேக்கலியா?" என்றார் மெதுவாக. அவர் திட்டியிருந்தால் தேவலை.

ஜனவரியிலிருந்து மே வரைக்கும் ஒரு பெட்டிகூட ஏன் திரும்பி வரவில்லை என்று பாய் யோசித்தார். வெண்மதிக்குப் போன் போட்டு வரச் சொன்னார். ஜெயராஜ் வண்டியில் கொண்டுவந்து விட்டான்.

"நான்தான் பாய்" என்றாள் அவள். "அக்கா அனுப்புற கட்டைங்கள நான் இன்னொருக்கா தட்டிப் பாத்துட்டு, ஊமையா இருக்கிறத கழிசல்ல போட்டுடுவேன். அதுக்குத்தான் அந்த மேசையிலயே இருந்துக்கறேன்னு கேட்டேன்."

"என்னாத்துக்கு எங்கிட்ட சொல்லல?"

"அடிபட்டதுலேர்ந்து அக்காவுக்குக் காது செரியில்ல பாய். முன்னெல்லாம் ஒருக்காதான் தட்டுவாங்க, இப்ப ரெண்டு வாட்டி தட்டுறாங்க. கண்ணக் கட்டிக்கினு வேன்ல வராங்க. தானா செரியாயிடும்னு பாத்தேன். படத்துல வரலன்னா வலியே இல்லன்னு ஆயிடுமா?"

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். என் காதுக்குக் காவல் இருந்தவளை நானே வாயைத் திறந்து வெளியே அனுப்பியிருக்கிறேன். இதைப் படிப்பவர்கள் எனக்கு அந்த இடத்தில் கண் கலங்கியது என்று நினைப்பீர்கள். இல்லை. எனக்கு ஆத்திரம்தான் வந்தது. என் வலியைக்கூட என் வீட்டில் இருப்பவருக்கு முன்னால், டாக்டருக்கு முன்னால், இவள்தான் கண்டுபிடிக்க வேண்டுமா? அதிலும் இவள்தான் முதலா?

ஜூலையில் ஆறாவது மாதப் பரிசோதனைக்கு இரண்டு பேரும் பஸ்ஸில் புதுச்சேரிக்குப் போனோம். டாக்டர் முபீனா கம்ப்யூட்டரில் இரண்டாவது படங்களைத் திறந்தார்.

"மூளைக்கு நடுவுல ஒரு எடம் இருக்குதும்மா. உங்க ஊரு ஜங்ஷன் மாதிரி, எல்லா வண்டியும் அங்க வந்துதான் பிரியும். அடிபட்ட கொஞ்ச நாள்லயே அந்த எடம் வழக்கத்தைவிட அதிகமா மத்த பாகங்களோட பேசிக்கிட்டு இருந்தா, அவங்களுக்கு தலைவலி, மறதி ரொம்ப நாள் நிக்கலாம்னு கணிக்கிறோம். வெண்மதிக்கு அது அளவாத்தான் இருக்குது. மூணு புள்ளி இருந்தாலும் சீக்கிரம் தேறிடுவாங்கன்னு கணிச்சோம், அப்படியே தேறிட்டாங்க. உங்களோடதுல ஜங்ஷன்ல ஒரே கூட்டம். புள்ளி இல்லாட்டியும் உங்களுக்கு ஆறு மாசம் தாண்டும்னு வந்துது. ஆனா நீங்க ஏப்ரல்ல பத்துக்கும் பூஜ்யம் சொல்லிட்டீங்க. உங்க விஷயத்துல எங்க கணிப்பு தப்புன்னு எழுதி வச்சிருக்கேன்."

வெண்மதி என்னைப் பார்க்கவில்லை. சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் பொய் சொன்னேன் மேடம்" என்றேன்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "அப்ப வலிக்குதாம்மா?"

ஆறு மாதத்தில் யாரும் என்னை அப்படிக் கேட்டதில்லை. அழுதுவிட்டேன். அது வெறும் கணிப்புத்தான், தலையெழுத்து இல்லை, ஒருத்தர் விஷயத்தில் சரியாக வந்ததால் எல்லோருக்கும் வரும் என்றும் சொல்ல முடியாது என்று டாக்டர் விளக்கினார். காதுக்கும் கண்ணுக்கும் பயிற்சி எழுதிக் கொடுத்தார். இந்த நோட்டும் அதில் ஒன்று. வெண்மதி வேலைக்குப் போகலாம் என்று பாய்க்குக் கடிதமும் கொடுத்தார். திரும்பும்போது பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, எனக்கு வெயில் படாமல் துப்பட்டாவை இழுத்துக் கட்டினாள். பாயிடம் சொன்னது யார் என்று அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

இப்போது என் நாற்காலியில் அவள் உட்கார்ந்து தட்டுகிறாள். நான் மை முக்குகிறேன். அதற்குக் காது வேண்டாம், கண் போதும். பேட்டையில் இப்போது வெண்மதி காதுதான் காது. என் வீட்டுக்காரர், நான் கேட்காமலேயே, ஜன்னலிலிருந்து என் படத்தைப் பிரித்து எடுத்துவிட்டு அட்டை வைத்து அடைத்தார். இரண்டு தடவை அந்தப் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். என்ன தெரிந்ததோ.

எழுதியதை வேறொருவர் படித்து, தப்பு விட்ட இடத்தில் சிவப்புப் பேனாவால் கோடு போட வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். தங்கதுரைக்கு அதற்குப் பொறுமை கிடையாது. "எங்கிட்ட குடுங்கக்கா, நான் பாக்கறேன்" என்று வெண்மதிதான் முந்திக்கொண்டாள். யாரைப் பற்றி எழுதுகிறேன் என்று அவளுக்குத் தெரியாது. ஒரு வாரமாக, இன்னும் முடியல, இன்னும் முடியல என்று இழுத்துக்கொண்டிருந்தேன். இன்றைக்கு முடிந்துவிட்டது. நாளைக்கு வேனில் கொடுத்துவிடுவேன்.

வெண்மதி, பாயிடம் சொன்னது நான்தான். கோடு போட வேண்டிய இடம் அது.

அவள் என்னை நாலு பேர் முன்னால் கிழித்தால் எனக்கு நிம்மதி. கிழிக்க மாட்டாள். படித்துவிட்டு நோட்டை மூடி, சாப்பிட்டீங்களாக்கா என்று கேட்பாள். அந்த மனசும் அவளுக்குத்தான் வாய்த்திருக்கிறது. அதை நினைத்தால்தான் இப்போதும் எனக்கு வயிறு எரிகிறது.